காற்றுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

லாயாங் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ஜொகூரில் லாயாங்-லாயாங். குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில் உள்ள சின்ன ஊர், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து வீட்டுப்பாடம் பார்த்துக்கொடுக்கிறோம். நான் டீச்சர் இல்லை, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை படித்த அம்மா, அவ்வளவுதான்.

இந்த வாரம் ஆங்கிலப் பயிற்சித் தாள் ஒன்றில் காற்று சம்பந்தமான சொற்கள் வந்தன. பிரீஸ், கஸ்ட், கேல், ஸ்டார்ம், டொர்னேடோ, ஹரிக்கேன். பக்கத்தில் ஒரு பையன் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு நிற்கிற படம், பின்னால் பழுத்த இலைகள் பறக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு 'விண்டி' என்றால் குளிர் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கும் ஆறு சொல்லையும் 'காற்று, பெரிய காற்று, ரொம்பப் பெரிய காற்று' என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று. என் மகள் கட்டுரையில் அப்பா மோட்டார் டயருக்குக் காற்று அடித்தார் என்பதற்கு 'வின்ட்' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தந்துவிட்டார்கள். "காற்றுதானே அம்மா, ஏன் தப்பு?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைச் சுண்ணாம்பு:

வணக்கம் சகோதரி. நான் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். உங்கள் மகள் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் வாசல். ஆறு சொல் பட்டியலை ஓரமாக வையுங்கள், முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்.

தமிழில் டயருக்குள் இருப்பதும் காற்று, தென்னையை ஆட்டுவதும் காற்று, மூக்கு வழியாகப் போவதும் காற்று. ஆங்கிலத்தில் சும்மா இருந்தால் 'ஏர்', அது தானாகக் கிளம்பி வெளியில் ஓடினால் 'வின்ட்'. டயருக்குள் அடைத்துவைத்தது ஓடவில்லை, அதனால் ஏர். பலூனுக்குள் ஏர். மூச்சில் ஏர். தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் கொடுப்பதும் பெரும்பாலும் ஏர்தான். 'ஃபேன் வின்ட்' என்று நம் பிள்ளைகள் எழுதுவார்கள், அது தமிழிலிருந்து நேராக இறங்கிய வாக்கியம். மலாயிலும் டயருக்கு 'பாம் ஆங்கின்' என்றுதான் கடையில் எழுதிப்போட்டிருக்கிறான், ஆங்கின் என்றால் வீசுகிற காற்று. ஆக பிள்ளைக்கு வீட்டிலும் கடையிலும் ஒரே பாடம், பள்ளியில் மட்டும் சிவப்பு வட்டம். பாவம் அவள்.

ஒரு பலூனை ஊதிக் கையில் கொடுங்கள். உள்ளே என்ன? ஏர். வாயைத் திறந்துவிட்டுக் கன்னத்துக்கு நேராகப் பிடியுங்கள். அடிக்கிறதே, அதுதான் வின்ட் என்பதன் தொடக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது. 'பிக் வின்ட்' என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மழைக்கு 'ஹெவி'. மாற்றிப் போட்டால் காதுக்கு ஒட்டாது. இதற்கு நம் தமிழ் பத்திரிகைதான் நல்ல உதவி. "பலத்த காற்றுடன் கனமழை" என்று செய்தி வருகிறதே, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பலம் காற்றுக்கு, கனம் மழைக்கு. ஆங்கிலமும் அதே கணக்கு. லேசான காற்றுக்கு 'லைட்', அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வினைச்சொல்லில்தான் தமிழ் காலை வாரிவிடும். நமக்குக் காற்று 'அடிக்கிறது'. ஆங்கிலத்தில் அடிப்பது இல்லை, ஊதுவதுதான்: 'ப்ளோ'. நேற்று ஊதியது 'ப்ளூ', நீல நிறத்தைப் போலவே ஒலிக்கும், எழுத்து வேறு. 'ப்ளோட்' என்று ஒரு சொல் கிடையாது. நாள் காற்றாக இருந்தால் 'இட் இஸ் விண்டி'. முன்னால் அந்த 'இட்' வரவேண்டும். எது அந்த 'இட்' என்று கேட்காதீர்கள், வாக்கியம் நொண்டாமல் இருக்க ஒரு கால்.

ரெங்கம் எக்ஸ்பிரஸ்:

டீச்சர், எங்கள் பாட்டி வயிற்றில் கை வைத்து "காத்து பிடிச்சிருச்சு" என்பார். மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா 'மாசூக் ஆங்கின்' என்பார். இருவரும் ஒரே மின்யாக் ஆங்கின் தைலப் போத்தலைத்தான் தேய்ப்பார்கள். அது ஏரா, வின்டா? உள்ளே அடைபட்டுத்தானே இருக்கிறது, உங்கள் கணக்குப்படி ஏர் என்றுதானே வரவேண்டும்?

வெள்ளைச் சுண்ணாம்பு:

வம்புக்கு இழுக்கிறீர்கள். பிரிட்டிஷ்காரன் வயிற்றுக் காற்றையும் 'வின்ட்' என்றுதான் சொல்கிறான். கைக்குழந்தை பால் குடித்ததும் முதுகில் தட்டுகிறோமே, அதற்கும் அந்தச் சொல்தான். அமெரிக்கனுக்கு 'கேஸ்'. இதைச் சனிக்கிழமை வகுப்பில் எடுக்க வேண்டாம், அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்துவிடும்.

கிராணி வீட்டுப் பேரன்:

டீச்சர் சொன்னது சரி. ஆனால் அந்த ஆறு சொல்லை ஓரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவை வெறும் 'பெரிய, ரொம்பப் பெரிய' அல்ல. ஒழுங்கான படிக்கட்டு ஒன்று இருக்கிறது.

பிரான்சிஸ் போஃபர்ட் என்று அயர்லாந்தில் பிறந்த கடற்படை அதிகாரி. 1805-இல் 'வுல்விச்' என்ற கப்பலில் இருந்தபோது காற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை எண் கொடுத்தார். கையில் கருவி எதுவும் இல்லை. இந்தக் காற்றில் கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்று பார்த்தே எண் போட்டார். 1838-இல் பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. நிலத்தில் இருப்பவர்களுக்கு மரம், புகை, குடை வைத்துச் சொல்லும் முறையை ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர் 1906-இல் சேர்த்தார்.

நம் ஊரில் இதை நடத்த ஒரு நல்ல வசதி இருக்கிறது. செம்பனை ஆலைப் புகைபோக்கி. புகை நட்டுவைத்த கம்பம் போல நேராக மேலே போனால் பூஜ்யம், 'காம்'. எழுத்தில் எல் உண்டு, வாயில் கிடையாது. புகை ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்று. முகத்தில் பட்டு, இலை சலசலத்தால் இரண்டு. அதாவது மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இங்கேதான் 'பிரீஸ்' ஆரம்பிக்கிறது. பள்ளிக் கொடி நன்றாக விரிந்து நின்றால் மூன்று. தூசியும் காகிதமும் கிளம்பினால் நான்கு. சின்ன மரங்கள் முழுசாக ஆடினால் ஐந்து. குடை பிடிக்கத் தகராறு, மின்கம்பி விசில் அடிக்கிறது என்றால் ஆறு. அதுவரைக்கும் எல்லாமே பிரீஸ்தான்! லைட், ஜென்டில், மாடரேட், ஃப்ரெஷ், ஸ்ட்ராங் என்று முன்னால் ஒரு அடைமொழி மாறுகிறது, அவ்வளவே. பிரீஸ் என்றால் தென்றல் என்று நாம் எழுதிக்கொடுத்துவிடுகிறோம், ஆனால் குடையைத் திருப்பிப்போடுகிற காற்றும் அவன் கணக்கில் ஒரு பிரீஸ்.

மரம் மொத்தமும் அசைந்து எதிர்த்து நடக்க முடியாமல் போனால் ஏழு. எட்டில் 'கேல்', 62 கிலோமீட்டரைத் தாண்டி. கிளைகள் ஒடியும். பத்தில் 'ஸ்டார்ம்', மரம் வேரோடு சாயும். பன்னிரண்டில் ஹரிக்கேன், 118-க்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. இலைக்குச் செம்பனை மட்டையைப் பார்க்காதீர்கள். அது நீளமானது, கொஞ்சம் காற்றுக்கே பெரிய ஆட்டம் ஆடும். வேப்பமரமோ மாமரமோ பாருங்கள்.

லாயாங் அம்மா:

ஐயா, படிக்க எனக்கே ஆர்வமாக இருக்கிறது. ஆனால் பதின்மூன்று படியையும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொண்டுபோனால் எழுந்து ஓடிவிடும். தேர்வுக்கும் வராது.

கிராணி வீட்டுப் பேரன்:

யார் மனப்பாடம் செய்யச் சொன்னது? ஒரு வாரம் தினமும் காலையில் புகையைப் பார்த்து ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். எண்ணோடு சொல் தானாக வந்து சேரும். எட்டுக்கு மேல் இங்கே எழுத வாய்ப்பே அபூர்வம்.

தமிழ் முதல்:

எனக்கு ஒன்று புரியவில்லை. இங்கிலீஷ்காரன் 1805-இல் படிக்கட்டு கட்டியதைக் கொண்டாடுகிறீர்கள். நம்மிடம் தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று எப்போதோ பெயர் இருக்கிறது. இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு இந்த நான்கும் தெரியும்? முதலில் தமிழில் நான்கு காற்றைச் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் கேல் வரட்டும். சொந்த மொழியில் பெயர் தெரியாத பொருளுக்கு வேற்று மொழியில் ஆறு பெயர் கற்பிப்பது என்ன கல்வி?

வெள்ளைச் சுண்ணாம்பு:

சொல்லிக்கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரில் இணைச்சொல்லாக எழுதவேண்டாம். 'பிரீஸ் – தென்றல், கேல் – வாடை' என்று ஒரு பயிற்சி நூலில் பார்த்து நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன நான்கும் எந்தத் திசை என்று பிரிக்கிறவை. பிரீஸ், கேல் எல்லாம் எவ்வளவு வேகம் என்று பிரிக்கிறவை. வாடை மெதுவாகவும் வரலாம், வேகமாகவும் வரலாம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் குழம்பும்.

திசைக்கு ஆங்கிலத்தில் எளிய வழி: நார்த் வின்ட், சவுத் வின்ட். அதில் ஒரு பொறி உண்டு. நார்த் வின்ட் வடக்கு நோக்கிப் போகிற காற்று என்று முக்கால்வாசிப் பிள்ளைகள் நினைக்கும். வடக்கிலிருந்து வருகிற காற்று அது. இந்த இடத்தில் உங்கள் வாடையும் கொண்டலும் கைகொடுக்கும், ஏனென்றால் தமிழும் காற்றை அதன் பிறந்த வீட்டை வைத்துத்தான் அழைக்கிறது.

இந்த ஊர் வாழ்க்கையில் அதற்குச் சான்றும் உண்டு. மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில்தான் சுமத்ராவில் எரிகிற புகை நம் பக்கம் வந்து சேர்கிறது. 2015-இல் புகைமூட்டத்தால் பள்ளியை மூடினார்களே, மூத்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். வரைபடத்தில் சுமத்ராவைக் காட்டி, புகை எங்கிருந்து எங்கே வந்தது என்று விரலால் கோடு போடச் சொன்னால் 'சவுத்-வெஸ்ட் வின்ட்' என்ன என்பது சந்தேகமில்லாமல் பதியும்.

தமிழ் முதல்:

இணைச்சொல் விஷயம் ஏற்கிறேன். ஆனால் நான்கு காற்றும் வகுப்பில் வரவேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ரெங்கம் எக்ஸ்பிரஸ்:

என் யோசனை: ஹரிக்கேன், டொர்னேடோ, டைஃபூன் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். இங்கே புயல் எங்கே வருகிறது? வராத விருந்தாளிக்கு எதற்கு இலை போடவேண்டும்? சபாவையே 'காற்றுக்குக் கீழே உள்ள நிலம்', நெகெரி டி பாவா பாயு என்றுதானே சொல்கிறார்கள், புயல் எல்லாம் மேலே வடக்கே போய்விடும் என்று.

கப்பல்காரன்:

தம்பி, பதினெட்டு வயதில் ஜொகூரிலிருந்து கப்பலேறியவன் நான். இலையைப் போட்டுவையுங்கள், விருந்தாளி வந்திருக்கிறான்.

2001 டிசம்பர் 27, வாமே. தென்சீனக் கடலில் உருவாகி நேராக நம் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி கூட இல்லாத இடம். அவ்வளவு பக்கத்தில் புயல் சுழலாது என்றுதான் பாடநூல்கள் எழுதிவைத்திருந்தன. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கிற வளைவு அங்கே மிகக் குறைவு. அன்றைக்கு வட கிழக்குப் பருவக்காற்று பலமாக இறங்கி, போர்னியோ பக்கம் இருந்த சுழலோடு சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் அதை டைஃபூன் என்றது, ஜப்பான் வானிலைத் துறை ஒரு படி கீழே டிராபிகல் ஸ்டார்ம் என்றது. வாமே என்பது ஒரு பாட்டுப் பறவையின் பெயர், மக்காவ் கொடுத்தது. பிறகு அந்தப் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சபாவுக்கும் 1996 டிசம்பரில் கிரெக் என்ற புயல் வந்து கெனிங்காவ் பக்கம் இருநூறு பேருக்கு மேல் உயிர் போனது. ஆகவே 'பாவா பாயு' என்பது காப்பீட்டுப் பத்திரம் அல்ல.

இனி சொல் விஷயம். ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் ஒரே ஆள், மூன்று ஊர்ப் பெயர். அட்லாண்டிக்கிலும் அமெரிக்காவின் மேற்குக் கடலிலும் ஹரிக்கேன். பசிபிக்கின் வடமேற்கில், அதாவது பிலிப்பைன்ஸ், ஜப்பான், சீனா பக்கம் டைஃபூன். வங்காள விரிகுடா உட்பட இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். சென்னையில் அடித்தால் சைக்ளோன், மணிலாவில் அடித்தால் டைஃபூன். சைக்ளோன் என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிட்டிங்டன், 1840-களில். டொர்னேடோ இவற்றோடு சேராது. அது இடிமேகத்திலிருந்து தொங்குகிற ஒல்லிச் சுழல், அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான், நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். தண்ணீர் மேல் வந்தால் வாட்டர்ஸ்பவுட். மலாயில் பூத்திங் பெலியோங் என்று பிள்ளைகள் செய்தியில் கேட்டிருப்பார்கள்.

கிராணி ஐயா சொன்ன போஃபர்ட் எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடல் வானிலை அறிக்கையில் "ஃபோர்ஸ் எய்ட்" என்று வந்தால் மாலுமிகள் தளத்தில் உள்ளதை எல்லாம் கட்டிவைப்பார்கள்.

ரெங்கம் எக்ஸ்பிரஸ்:

வாமே அன்று எங்கள் வீட்டில் விடிய விடிய மழை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது புயலின் மழை என்பது இப்போதுதான் தெரிகிறது. சரி, மூன்றில் டைஃபூன் மட்டும் இருக்கட்டும். மற்ற இரண்டும் ஆறாம் ஆண்டுக்கு.

கப்பல்காரன்:

அதை ஒத்துக்கொள்கிறேன்.

நூல்கண்டு:

நான் பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். திடலில் பட்டம் விடுகிற கூட்டத்தில் ஒருத்தன். ஊர்ப் பெயரே லாயாங்-லாயாங், மலாயில் பட்டம், தகைவிலான் குருவி இரண்டுக்கும் அதுதான் சொல். ஆங்கிலத்திலும் 'கைட்' முதலில் ஒரு பருந்து வகை, பிறகுதான் காகிதப் பட்டம். இங்கே பட்டம் இல்லாமல் காற்றைச் சொல்லிக்கொடுப்பது பெரிய அநியாயம் அக்கா.

எங்களுக்கு முக்கியமான சொல் பிரீஸ், கேல் எதுவும் இல்லை. 'கஸ்ட்'டும் 'லல்'லும்தான். கஸ்ட் என்றால் திடீரென்று ஒரு உதை, சில விநாடியில் அடங்கிவிடும். லல் என்றால் நடுவில் காற்று மூச்சை இழுத்துக்கொள்கிற நேரம், பட்டம் தொங்கிவிடும். பட்டியலில் கஸ்ட் பிரீஸுக்கும் கேலுக்கும் நடுவில் இருப்பதால் பிள்ளைகள் அதையும் ஒரு படி என்று நினைக்கும். அது படி இல்லை. அமைதியான நாளிலும் ஒரு கஸ்ட் வரும். நூல் கையில் இருந்தால் இந்த வித்தியாசம் ஒரே சாயங்காலத்தில் புரியும்.

ஹெட்வின்ட், டெயில்வின்ட் இரண்டும் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்குச் சொல்லித்தரவே வேண்டாம். தலைக்கு எதிரில் வந்தால் ஹெட், வாலைத் தள்ளினால் டெயில்.

இன்னொன்று செய்யலாம். பழைய சட்டையின் முழுக்கையை வெட்டி, அகலமான வாயில் கம்பி வளையம் தைத்து, மூங்கிலில் கட்டினால் 'விண்ட்சாக்'. செனாய் விமான நிலையத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பார்த்திருப்பார்கள். விமான நிலையத்தில் உள்ளது காற்று 15 நாட் (கப்பல், விமானத்தில் வேகம் சொல்லும் அளவு) வேகத்தை எட்டினால் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும்படி செய்தது, மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நம் சட்டைக்கைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, துணி வேறு. திசை மட்டும் சரியாகக் காட்டும். அதன் வால் காட்டுகிற பக்கம் காற்று போகிற பக்கம், வாய் திறந்த பக்கம் வருகிற பக்கம். டீச்சர் சொன்ன நார்த் வின்ட் பொறிக்கு இதுவே மருந்து.

பெரிய பட்டம் பார்க்கவேண்டும் என்றால் பாசீர் கூடாங்கில் பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. கிளந்தான் மாநிலத்து வாவ் பூலான் பட்டத்தின் தலையில் ஒரு வில் கட்டியிருக்கும், மேலே போனதும் ரீங்காரம் போடும். பழைய ஐம்பது சென் காசில் இருந்ததும் வாவ்தான்.

கிராணி வீட்டுப் பேரன்:

தம்பி படி இல்லை என்று சொன்னது நல்ல பாயிண்ட். அதோடு 'ஸ்குவால்' என்பதையும் சேர்க்கவேண்டும், இது பயிற்சித் தாளில் இல்லை, ஆனால் நம் மேற்குக்கரைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கஸ்ட் விநாடிக் கணக்கு. ஸ்குவால் திடீரென்று எழும்பி ஒரு நிமிடமாவது நிற்கும், பெரும்பாலும் மழையும் இடியும் கூட வரும். 'சுமத்ரா ஸ்குவால்' என்று உலக வானிலைக்காரர்களுக்கே தெரிந்த பெயர். மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடிவதற்கு முன்னும் காலையிலும் வரிசையாக வந்து அடிக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதன் காலம்.

ரப்பர் இருந்த நாளில் இது வயிற்றுப் பிழைப்போடு சம்பந்தப்பட்டது. பால் வெட்டு இருட்டோடு ஆரம்பிக்கும். மரப்பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் வழிந்து வீணாகும், அன்றைக்கு வெட்டு இல்லை. பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசைக்கு, போகுமுன் என் தாத்தா வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். காற்று திடீரென்று குளிர்ந்தால் "இன்னிக்குப் பேரு கிடையாது" என்று திரும்பப் படுத்துவிடுவார். ஆங்கிலேய துரை எழுதிய நாட்குறிப்பில் 'ஸ்குவால்', லயத்து வீட்டில் 'பேரு இல்லை'.

பயிற்சித் தாளில் 'காற்று மகரந்தத்தைக் கொண்டுபோகிறது' என்ற வாக்கியம் வந்தால் செம்பனையை உதாரணம் சொல்லிவிடாதீர்கள். அப்படித்தான் ஒரு காலத்தில் நம்பினார்கள், காய் பிடிக்காமல் பெண்களை வைத்துக் கையால் பொடி தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து நம் குளுவாங் பக்கத் தோட்டத்தில் விட்டார்கள், அதன் பிறகு கைவேலை போயிற்று. காற்றில் பறப்பதற்கு லாலாங் புல்லின் பூவைக் காட்டுங்கள். 'ட்ரிஃப்ட்' (மிதந்து போவது), 'ஸ்காட்டர்' (சிதறுவது) இரண்டையும் அதில் பார்க்கலாம்.

வெள்ளைச் சுண்ணாம்பு:

உச்சரிப்பில் மூன்று இடம் மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள்.

காற்று 'வின்ட்'. அதே எழுத்தில் இன்னொரு சொல் 'வைண்ட்', கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, பாதை வளைந்து போவது, நூலைச் சுற்றுவது. தம்பி பட்டம் இறக்கும்போது செய்கிறாரே, அது. வாக்கியத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரியும், எழுத்தைப் பார்த்துத் தெரியாது. கதவிடுக்கில் வருகிற காற்று 'டிராஃப்ட்'. பிரிட்டிஷ் எழுத்தில் நடுவில் யு, ஜி, எச் நிற்கும், ஆனால் ஒலி 'ஃப்'. நாம் படிப்பது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்பதால் சுருக்கமான அமெரிக்க வடிவத்தை எழுதினால் சில இடத்தில் மதிப்பெண் போகும். மூன்றாவது 'கேல்'. இதை 'கெயில்' என்று பெண் பெயர் போல இழுக்கவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், யோசித்தால் அந்தப் பெயரும் அப்படித்தான் ஒலிக்கிறது. விடுங்கள்.

ஒலிச் சொற்களை மறந்துவிட்டோமே. இலை சலசலத்தால் 'ரஸ்ல்', தகரக் கூரை இடுக்கில் கத்தினால் 'ஹௌல்', கம்பியில் 'விஸ்ல்'. தமிழில் காற்று ஊளையிடுகிறது என்போம், 'ஹௌல்' என்பதும் நாய் நரி ஊளைதான். இங்கே நேராக மொழிபெயர்க்கலாம், பயமில்லை. அதேபோல் "காத்துவாக்கில் கேள்விப்பட்டேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் 'காட் வின்ட் ஆஃப் இட்' என்று ஒரு வழக்கு. சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், அம்மாவுக்குச் சொன்னேன்.

'தமிழ் முதல்' நண்பருக்காக ஒன்று. 'விண்டோ' என்ற சொல் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளில் பிறந்தது. பழந்தமிழில் சன்னலுக்குக் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

தமிழ் முதல்:

காலதர்! இதை இந்தச் சனிக்கிழமையே பிள்ளைகளிடம் சொல்லுங்கள் அம்மா. நான்கு காற்றுக்குப் படம் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

லாயாங் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரத்துக்கு நான் எடுத்துக்கொள்வது: பலூன், ஏர், வின்ட். பலத்த காற்று, கனமழை. பிரீஸ், கேல், ஸ்டார்ம் மூன்றும் படியாக, கஸ்ட் தனியாக. டைஃபூனுக்கு வாமே கதை. சட்டைக்கை வைத்து விண்ட்சாக். ஸ்குவால் அடுத்த வாரம், அதற்குள் ஒன்று வந்தாலும் வரும், இது அக்டோபர் ஆயிற்றே. கம்பளித் துணிப் பையன் படத்தைக் கிழிக்கமாட்டேன், அது குளிர் நாட்டுக் காற்று, நம் ஊரில் காற்று கிளம்பினால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம் என்று பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

மகளிடம் டயர் விஷயத்தைச் சொன்னேன். உடனே திருத்தி எழுதிவிட்டாள்: அப்பா டயருக்கு ஏர் அடித்தார், வின்ட் அவர் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. 'ப்ளூ' சரியாகப் போட்டிருக்கிறாள்.

கிராணி ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆலை சனிக்கிழமை சில வாரம் ஓடுவதில்லை. காய் வரத்துக் குறைவு. அன்றைக்குப் புகைக்கு எங்கே போவது?

கிராணி வீட்டுப் பேரன்:

வகுப்பு கோயில் மண்டபத்தில்தானே அம்மா? பூசாரியிடம் இரண்டு ஊதுபத்தி கேளுங்கள். கொளுத்தி மண்டபத்துக்கு வெளியே ஒரு வாழைப்பழத்தில் குத்திவையுங்கள். ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆலைப் புகையைவிட அதில் தெளிவாகத் தெரியும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ரெங்கம் எக்ஸ்பிரஸ்:

நிறுத்தாவிட்டால் அது ஏர்.